1689 சட்டமும் அமெரிக்க உரிமைத் திருத்தங்களும்

வணக்கம். 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சட்டத்தைத்தான் அமெரிக்கர்கள் 1791இல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த உரிமைத் திருத்தங்களில் எட்டாவதைப் பொறுத்தவரை தாராளமாக எழுதலாம். அளவுமீறிய பிணைத்தொகை, அளவுமீறிய அபராதம், கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை ஆகியவற்றுக்கான தடை அதே வரிசையில், 1776ஆம் ஆண்டின் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தின் வழியாக, ஏறக்குறைய சொல் மாறாமல் வந்து சேர்ந்தது. பேச்சுரிமையில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: 1689இல் காக்கப்பட்டது நாடாளுமன்றத்துக்குள் நடக்கும் பேச்சு மட்டுமே என்பதால், அதன் நேர் வாரிசு, மக்களின் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் அன்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களது அவைப் பேச்சைக் காக்கும் அரசமைப்பின் முதலாம் பிரிவு, 6ஆம் உட்பிரிவுதான். மேலும், ஆங்கிலேயச் சட்டம் மன்னரைக் கட்டுப்படுத்தியதே தவிர நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்கத் திருத்தங்களோ காங்கிரஸையே கட்டுப்படுத்துகின்றன. இந்த வேறுபாட்டைக் கட்டுரையின் முற்பகுதியிலேயே வைத்துவிடுங்கள்.