சுளுக்கு எடுக்கச் சீமைக்குப் போகோணுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் கோவையில் பிசியோதெரபி முடித்துவிட்டு, லண்டன் போய் ஆஸ்டியோபதி என்கிற கைச்சிகிச்சை படிக்க வேண்டும் என்கிறாள். திரும்பி வந்து இங்கேயே வைத்தியம் பார்க்கவும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆசையாம். சொந்தபந்தமெல்லாம், "சுளுக்கு எடுக்கறதுக்குச் சீமைக்குப் போகோணுமா?" என்று சிரிக்கிறது. என் மாமனார் கைவைத்தியம் பார்த்தவர். அவரோடு அது போயிற்று. இதெல்லாம் ஒரு படிப்பாங்க?

க., பெருந்துறை

அன்புள்ள க.,

மாமனாரைப் பற்றிய அந்த வரியில் நின்றுவிட்டேன்.

என் அப்புச்சி ஊர் சென்னிமலைப் பக்கம். குழித்தறியில் நாளெல்லாம் குனிந்து கிடந்தவர்கள் பொழுது சாய்ந்ததும் வைத்தியர் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர் எண்ணெய் தொட்ட கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். "இங்கீங்களா?" என்பார். வந்தவர் முகம் சுளிப்பதுதான் பதில். அந்த இடம் எப்படித் தெரிந்தது என்று பெற்ற மகனுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

பத்து வயதில் என் மணிக்கட்டு முறிந்தபோது மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டியதும் அவர்தான். ராத்திரி விரலெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அம்மா கட்டை அறுத்தெறிந்ததால் கை தப்பியது. அத்தனை நுட்பமான விரலுக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர யாரும் வாய்க்கவில்லை.

ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் அமெரிக்க மருத்துவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்துகள்மேல் நம்பிக்கை விட்டுப்போய், எலும்பையும் தசையையும் கையாலேயே சீர்படுத்தும் முறையை 1874இல் அறிவித்தார். எல்லா நோய்க்கும் அதுவே போதும் என்கிற அளவுக்கு அவர் போனது தவறு. ஆனால் 1892இல் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பள்ளிக்கூடம் திறந்து, முதல் வகுப்பிலேயே பெண்களையும் உட்காரவைத்தாரே, அதற்காக அவரைக் கும்பிடலாம்.

அங்கே நோயாளியாகப் போன ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான், அங்கேயே படித்து, பாடமும் நடத்தி, 1917இல் லண்டனில் ஒரு பள்ளி தொடங்கினார். 1935இல் இந்த வைத்தியத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டு வந்த மசோதாவுக்காக, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் நின்று குறுக்குக் கேள்விகளில் திணறினார். மசோதா கைவிடப்பட்டது. பள்ளியை மட்டும் அவர் மூடவில்லை. பிரிட்டனில் சட்டம் வந்தது 1993இல்; அவர் இறந்து 46 வருடம் கழித்து. இன்று அங்கே பதிவு பெறாத யாரும் ஆஸ்டியோபத் என்று பலகை மாட்ட முடியாது.

இந்தப் படிப்பில் விரலைப் பழக்க ஒரு பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியைத் தாளுக்கு அடியில் வைத்துத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு தாள், மூன்று தாள் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். திண்ணையில் நான் பார்த்த விரலுக்கும் இப்படி ஏதோ பழக்கம் இருந்திருக்கும். சொல்லாமலே போய்விட்டார்.

மகளிடம் சில விஷயம் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் மருந்து எழுதும் முழு மருத்துவர்கள். பிரிட்டனில் கைச்சிகிச்சை மட்டும்தான். இடுப்புவலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மண்டையோட்டைத் தொட்டே பல நோய் தீர்க்கலாம் என்பதற்கு ஆதாரம் மிகச் சொற்பம். இடுப்புவலியோடு காய்ச்சல் இருந்தாலோ, கால் மரத்து மூத்திரம் அடைத்தாலோ கை வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தெரிய வேண்டும். சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்த அறிவு அன்று எங்கள் திண்ணைக்கு வந்திருந்தால் என் விரல் நீலம் பாரித்திருக்காது.

அனுப்பி வையுங்கள். சோமனூர் விசைத்தறியிலும் திருப்பூர் தையல் மிஷின் முன்னாலும் எத்தனை முதுகுகள் அவளுக்காகக் காத்திருக்கின்றன!

உங்கள் மாமியார் இருக்கிறாரா? மாமனாருக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவர் அவராகத்தான் இருப்பார். விமானம் ஏறும்முன் உங்கள் மகள் ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் நாலு நாள் உட்காரட்டும்.

அன்புடன்.