76 கோடி டாலர் வீரர் இருந்தும் ஒரு வெற்றி குறைச்சல்! (வாசகர் கேள்விகள்)

போன இதழில் ஒரு பதிலில், "பேஸ்பாலில் காசைக் கொட்டினால் மட்டும் கப் வந்துவிடாது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். தெரியாமல் தேன்கூட்டில் கை வைத்துவிட்டேன் போலிருக்கிறது. நியூஜெர்சியிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டுகின்றன, மீதி ஒன்றையொன்று திட்டுகின்றன. அதனால் இந்த முறை முழுக்க பேஸ்பால்தான். கிரிக்கெட் ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: சார், 18 வருஷமாக நான் நியூயார்க் மெட்ஸ் ரசிகன். மட்டையாளர் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025-ல் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. ஆபீஸில் நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸ்காரர்கள் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். அந்தப் பணம் தண்டம்தானே?
— வாசகர், எடிசன், நியூஜெர்சி

ப: சோட்டோவைத் திட்டாதீர்கள். 43 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), அதோடு 38 பேஸ் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான், அவரே பந்தும் வீச வேண்டுமா?

உண்மையில் பிரச்சினை அங்கேதான் இருந்தது. 2025 ஜூன் 12 அன்று உங்கள் அணி 45 வெற்றி, 24 தோல்வி, மொத்தம் 30 அணிகளில் முதல் இடம். அதே நாள் ஆட்டத்தில் உங்கள் பிட்சர் (பந்து வீசுகிறவர்) கோடாய் செங்கா எதிராளியை அவுட்டாக்க முதல் பேஸை மிதிக்க ஓடுகிறார், சக வீரர் பீட் அலோன்சோ எறிந்த பந்து கொஞ்சம் உயரமாக வருகிறது, செங்கா எம்பிப் பிடித்துவிட்டுத் தரையில் இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். அன்றைக்கு மேட்ச் ஜெயித்தார்கள், சீசன் கைநழுவ ஆரம்பித்தது. அதற்கப்புறம் 38 வெற்றி, 55 தோல்வி. ஒரு பிட்சர் போனால் இன்னொருவர், அவர் போனால் மைனர் லீக்கிலிருந்து ஒரு பையன் என்று ஓட்டினார்கள். மட்டைக்கு அள்ளிக் கொடுத்த முதலாளி ஸ்டீவ் கோஹன், பந்து வீசுகிறவர்கள் விஷயத்தில் சில்லறையை எண்ணியதுதான் தப்பு என்பது என் கட்சி.

இதில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடாத ஒன்று உண்டு. டி20-ல் ஒரு ஓப்பனர் நினைத்தால் 20 ஓவரும் நின்று தனியாளாக மேட்சை முடித்துவிடலாம். பேஸ்பாலில் வரிசை ஒன்பது பேருடையது, உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் ஒரு மேட்சில் நாலு தடவை, மிஞ்சினால் ஐந்து தடவைதான் மட்டை பிடிக்க முடியும், மீதி நேரம் அவரும் நம்மைப் போல உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க வேண்டியதுதான். 162 ஆட்டத்தில் அப்படி ஒருவர் கூடுதலாகக் கொண்டுவருவது ஆறேழு வெற்றி. நீங்கள் கொடுத்த விலை அந்த ஆறேழுக்கு.

உங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒன்றே ஒன்று! கடைசி நாள், செப்டம்பர் 28. எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில், நமக்கு நள்ளிரவு தாண்டி 12.40. நான் லேப்டாப்பில் மெட்ஸின் மயாமி ஆட்டத்தையும் போனில் ரெட்ஸின் மில்வாக்கி ஆட்டத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி பிளேஆஃப் இடத்துக்கு உங்களோடு மோதிய சின்சினாட்டி ரெட்ஸ் போனில் தோற்கிறது. அதாவது மெட்ஸ் ஜெயித்தால் உள்ளே. லேப்டாப்பில் ஐந்தாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், அலோன்சோ ஒரு அடி அடித்தார் பாருங்கள், சத்தத்திலேயே தெரியும் அது என்ன அடியென்று. நேராகப் போய் லெஃப்ட் ஃபீல்டர் கையில் உட்கார்ந்தது. இரண்டடி தள்ளிப் போயிருந்தால் இன்றைக்கு யாங்கீஸ்காரர்கள் உங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். 4-0 தோல்வி. ரெட்ஸும் மெட்ஸும் 83-79 என்று சமம். முன்பெல்லாம் இப்படி வந்தால் 163-வது ஆட்டம் வைப்பார்கள், 2022-லிருந்து அது கிடையாது, நேருக்கு நேர் கணக்குதான். ஆறில் நாலு ரெட்ஸ் ஜெயித்திருந்தது. ரெட்ஸின் மொத்தச் சம்பளம் உங்கள் அணியில் பாதிகூட இல்லை.

2024-ல் சிஎஸ்கே, ஆர்சிபி இரண்டும் 14 புள்ளியில் நின்று, ரன் ரேட்டில் நாம் வெளியே போன மே மாதத்து ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? அதே வயிற்றெரிச்சல்தான். 15 வருஷ ஒப்பந்தத்தை முதல் வருஷத்தில் தண்டம் என்று சொல்ல மாட்டேன். பதினோராவது வருஷம் கேளுங்கள், அப்போது நானே சொல்வேன்.

கே: ஒரு கட்டையை வைத்துப் பந்தை அடிக்க 76 கோடி டாலரா? அநியாயமாகத் தெரியவில்லையா?
— வாசகர், திருநெல்வேலி

ப: டிவி உரிமை, டிக்கெட், பீர் என்று பணம் ஏற்கெனவே வசூலாகிவிட்டது. வீரருக்குக் கொடுக்காவிட்டால் முதலாளி பாக்கெட்டுக்குப் போகும். பீர் விலை குறையும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கே: ஐயா, ஸ்கார்பரோவில நாங்கள் நடுச்சாமம் வரை முழிச்சிருந்து பாத்தனாங்கள். எங்கட ப்ளூ ஜேஸ் இன்னும் ரெண்டு அவுட் எடுத்திருந்தா, 1993-க்குப் பிறகு கப் எங்களுக்கு. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் காசைக் கொட்டி வாங்கிப்போட்டான்கள். காசாலை கப் வராது எண்டு நீங்கள் எழுதினதை வாசிக்க எங்களுக்கு விசர் வராதோ?
— வாசகர், டொராண்டோ

ப: வரும், நியாயம்தான். 2025 உலகத் தொடரின், அதாவது ஃபைனலின், அந்த ஏழாவது ஆட்டம் எங்களுக்கு ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தது. இட்லி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்தேன்.

ஆனால் உங்கள் நெஞ்சில் கத்தி செருகியது யார் என்று யோசியுங்கள். டொட்ஜர்ஸின் 70 கோடி டாலர் ஓடானியா? அவர் அன்று பந்து வீசி, போ பிஷெட்டிடம் மூன்று ரன் ஹோம் ரன் வாங்கிக்கொண்டு போனவர். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோரைச் சமன் செய்த ஹோம் ரன் மிகேல் ரோஹாஸ் அடித்தது. வரிசையில் கடைசி ஆள், வயது 36, சம்பளம் 50 லட்சம் டாலர், அந்த அணியில் அதெல்லாம் ஸ்டோர் ரூம் சம்பளம். அதோடு விட்டாரா? அடுத்த பாதியில் உங்களுக்கு எல்லா பேஸிலும் ஆள் நிற்க, தரையோடு வந்த பந்தைத் தடுமாறி எடுத்து ஹோமுக்கு எறிந்தார். அதைப் பிடித்த கேட்சர் வில் ஸ்மித்தின் கால் ஹோம் பிளேட்டில் இருந்ததா இல்லையா என்று நீங்கள் இன்னும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். இருந்தது. மயிரிழையில் இருந்தது.

சரி, இப்போது உங்கள் பக்கமும் பேசுகிறேன். அந்த நேரத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தவர் யமமோட்டோ, 12 வருஷத்துக்கு 32.5 கோடி டாலர். முந்தின நாள் ராத்திரிதான் 96 பந்து வீசியிருந்தார். எந்த பிட்சரும் மறுநாள் கையைத் தூக்கவே யோசிப்பான், அவர் வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தார். அது காசு கொடுத்து வாங்கிய கைதான், மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், டொட்ஜர்ஸ் 2013-லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் பிளேஆஃபுக்குப் போகிறது. பதின்மூன்று தடவை சீட்டு குலுக்கினால் நாலைந்து தடவையாவது உங்கள் பெயர் கிட்டத்தில் வரும். பல அணிகளுக்குப் பல வருஷம் சீட்டு போடவே வாய்ப்பில்லை. அதனால் போன இதழில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். காசு கப்பை வாங்காது, ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் வாசலில் வரிசையில் நிற்க இடம் வாங்கிக் கொடுக்கும்.

அப்புறம், கோபித்துக்கொள்ளக் கூடாது. விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 வருஷத்துக்கு 50 கோடி டாலர் எழுதிக் கொடுத்த உங்கள் ப்ளூ ஜேஸும் ஒன்றும் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை.

கே: ஐபிஎல்லில் எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ், 2025-ல் 120 கோடி ரூபாய். இந்தச் சின்ன விஷயம் அமெரிக்காக்காரனுக்குத் தெரியாதா? உச்சவரம்பு வைத்தால் தீர்ந்தது.
— வாசகர், கோயம்புத்தூர்

ப: தெரியாமல் இல்லை. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி மூன்றிலும் அங்கே வரம்பு இருக்கிறது. பேஸ்பாலில் மட்டும் வீரர்கள் சங்கம் விடாது. காரணம் பழைய காயம். 1975 வரை ஒரு வீரன் ஒப்பந்தம் முடிந்தாலும் அதே அணிக்குத்தான் சொந்தம், விற்றால் போக வேண்டும், விற்காவிட்டால் கிடக்க வேண்டும், ஏறக்குறைய பண்ணையாள் மாதிரி. கர்ட் ஃப்ளட் என்பவர் "என்னை விற்க நீ யார்" என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார், ஆட்ட வாழ்க்கையே போயிற்று. மூன்று வருஷம் கழித்து மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் விஷயத்தில் மத்தியஸ்தர் வீரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது ஒப்பந்தம் முடிந்தால் எந்த அணிக்கும் போகலாம் என்ற ஆளே பிறந்தான். அப்படி வாங்கிய உரிமையை, 'உச்சவரம்பு' என்ற பெயரில் திருப்பிக் கேட்டால் கொடுப்பார்களா?

1994-ல் முதலாளிகள் கேட்டுப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 12-ல் ஸ்டிரைக், அந்த வருஷம் உலகத் தொடரே நடக்கவில்லை. அதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு 74-40 என்று எல்லாருக்கும் மேலே நின்றது மான்ட்ரியல் எக்ஸ்போஸ், சம்பளப் பட்டியலின் அடியில் கிடந்த அணி. ஏழை அணியைக் காப்பாற்றத்தான் வரம்பு என்றார்கள், அந்தச் சண்டையில் ஏழை அணிக்குக் கிடைத்த நல்ல வருஷம் போயிற்று. 2005-ல் அணியே ஊரை விட்டு வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

இப்போது இருப்பது ஒரு வகை அபராத வரி. 2025-ல் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் கட்ட வேண்டும், தொடர்ந்து மூன்று வருஷம் தாண்டி, அதிலும் எக்கச்சக்கமாகத் தாண்டினால், மேலே கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு டாலர் பத்து சென்ட் வரி. டொட்ஜர்ஸ் அதையும் கட்டிவிட்டுச் சிரிக்கிறது. ஓடானியோ 70 கோடியில் 68 கோடியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இப்போதைக்கு வருஷத்துக்கு 20 லட்சம்தான் எடுக்கிறார். பாக்கி 2034-லிருந்து பத்து வருஷம்.

என்னைக் கேட்டால் மேலே கூரை போடுவதற்கு முன்னால் கீழே தரை போட வேண்டும், குறைந்தது இவ்வளவாவது சம்பளத்துக்குச் செலவழித்தாக வேண்டும் என்று. பிட்ஸ்பர்க் பைரேட்ஸைப் பாருங்கள். பால் ஸ்கீன்ஸ் என்ற பையன் 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன்தான் என்ற கணக்கில் வீசி, பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சர் விருதை வாங்கினான். அந்த வருஷச் சம்பளம் 8,75,000 டாலர். போனஸ் தனி, அதுவும் எல்லா அணிகளும் சேர்ந்து போடுகிற பொது நிதியிலிருந்து வருவது. ஆறு வருஷம் ஆடி முடிக்கும் வரை அவனால் வேறு அணிக்குப் போக முடியாது. இப்படி ஒரு பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு 71-91, தன் பிரிவில் கடைசி இடம். 2015-க்குப் பிறகு பிளேஆஃபே கிடையாது. "அணியை விற்றுவிடு" என்று ரசிகர்கள் மைதானத்திலேயே கத்துகிறார்கள், முதலாளிக்குக் காது கேட்கவில்லை. சோட்டோ அதிகம் வாங்குகிறார் என்று கோபப்படுகிறவர்கள், ஸ்கீன்ஸ் குறைவாக வாங்குகிறார் என்று ஏன் கோபப்பட மாட்டேன் என்கிறீர்கள்?

வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. இதே சண்டை மறுபடி வரும்.

கே: ஆகஸ்டிலேயே என் அணி எட்டு ஆட்டம் பின்னால் இருந்தால் டிவியை அணைத்துவிடலாமா? முன்னால் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? நான் டெட்ராய்ட் டைகர்ஸ்.
— வாசகர், மிச்சிகன்

ப: டைகர்ஸ் ரசிகர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! 2024-ல் ஜூலைக் கடைசியில் உங்கள் அணியே கையை விரித்துவிட்டு நல்ல பிட்சர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை டொட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஆகஸ்டில் கணக்குப் புலிகள் உங்களுக்குக் கொடுத்த வாய்ப்பு 0.2 சதவீதம். அதற்கப்புறம் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடி உள்ளே போய், ஹூஸ்டனையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

மறு வருஷம் அப்படியே தலைகீழ். ஜூலைத் தொடக்கத்தில் கிளீவ்லாண்டைவிட 15½ ஆட்டம் முன்னால். அந்தப் பக்கம் தொடர்ந்து பத்துத் தோல்வி, சம்பளத்திலும் பொடியன் அணி. செப்டம்பரில் நீங்கள் ஜெயித்தது ஏழே ஏழு. 23-ம் தேதி ஆட்டத்தில் உங்கள் ஸ்கூபால், அமெரிக்கன் லீக்கின் அந்த வருஷத்துச் சிறந்த பிட்சர், மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்தைக் குனிந்து எடுத்து, திரும்ப நேரமில்லாமல், இரண்டு காலுக்கும் நடுவே பின்பக்கமாக முதல் பேஸுக்கு எறிந்தார். பந்து எங்கேயோ போயிற்று. தெருவில் சின்னப் பையன்கள் செய்வது! அன்றோடு முன்னிலை மொத்தமும் காலி, டிவிஷனில் (உங்கள் பிரிவில்) முதல் இடம் கடைசியில் கிளீவ்லாண்டுக்கு. அப்புறம் வைல்ட் கார்ட் என்ற பிளேஆஃப் முதல் சுற்றில் அதே கிளீவ்லாண்டை அவர்கள் ஊரிலேயே வைத்து நீங்கள் தட்டிவிட்டது தனிக் கதை.

டிவியை அணைக்காதீர்கள். தூக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

கே: எடிசன்காரர் மறுபடி. மெட்ஸில் கொடுத்த காசுக்கு நிம்மதியாக இருக்கிற ஒரு ஆளையாவது காட்டுங்கள் சார்.

ப: பாபி போனியா. மெட்ஸுக்குக் கடைசியாக ஆடியது 1999-ல். ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் தள்ளி வைத்த பாக்கிச் சம்பளமாக அவர் கணக்கில் சுமார் 11.9 லட்சம் டாலர் விழுகிறது. 2035 வரைக்கும் விழும்.