பரண்மேல் ஏற்ற வேண்டிய மெயில்கள்: கேள்வி பதில்

சேலத்தில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் 18 வருஷம் மெயில் பெட்டியோடு மல்லுக்கட்டியவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: அக்கா, மண்டியில் கணக்கு பார்க்கிறேன். படிக்காத மெயில் 4,000 தாண்டிவிட்டது. எங்கே தொடங்குவது?

பழையதிலிருந்து தொடங்காதீர்கள் தம்பி, அடுத்த ஆடிப் பண்டிகைக்கும் முடியாது. ஒரு மாதத்துக்கு முந்தையதை எல்லாம் தேடியெடுத்து ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். அது அழிப்பது இல்லை, பரண்மேல் ஏற்றுவது. தேடினால் கிடைக்கும். யாராவது அதற்குப் பதில் போட்டால் தானாக இன்பாக்ஸுக்கு இறங்கி வரும். ஜிமெயிலில் மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தேர்வாகும். மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கவா என்று கேட்டு ஒரு வரி வரும், அதையும் அழுத்த வேண்டும். இது தெரியாமல் ஐம்பது ஐம்பதாகத் தள்ளி ஒரு சனிக்கிழமையையே தொலைத்தவள் நான். முக்கியமானது போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். பணம் வரவேண்டிய வியாபாரி மெயில் போட்டுவிட்டு ஒரு மாதம் சும்மா இருப்பாரா? அன்றைக்கே போன் வந்திருக்கும்.

சூரமங்கலத்திலிருந்து: மேடம், எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் எல்லோருக்கும் சிசி, அதாவது நகல், போடுகிறார்கள். பாதி மெயில் எனக்குச் சம்பந்தமே இல்லாதது.

சிசி போடுவது பாதி இடங்களில் தகவலுக்காக இல்லைம்மா, நாளைக்குப் பிரச்சினை வந்தால் 'உங்களுக்கும் அனுப்பினேனே' என்று சொல்வதற்காக. அவுட்லுக்கில், என் பெயர் சிசியில் இருந்தால் தனி ஃபோல்டருக்குப் போ என்று ஒரு ரூல் எழுதலாம். மாலையில் ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பார்த்தால் போதும். ஆனால் நீங்களும் அனுப்புவதைக் குறைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் 'நன்றி' என்ற ஒரே வார்த்தையை ரிப்ளை ஆலில் அறுபது பேருக்கு அனுப்பினார். அதற்கு 'பரவாயில்லை' என்று இன்னொருவர், அதுவும் அறுபது பேருக்கு. அன்று மதியம் வரை அதுதான் ஓடியது.

இளம்பிள்ளையிலிருந்து: சேலை டிசைன் படங்கள் வந்து வந்து இடம் நிரம்பிவிட்டது. காசு கட்டித்தான் ஆக வேண்டுமா?

முதலில் குப்பையைப் பெருக்கித் தள்ளிப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டுமில்லை, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, 10 எம்பிக்கு மேல் உள்ளவற்றைக் காட்டச் சொல்லுங்கள். வேண்டியதை கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு மற்றதை நீக்குங்கள். அப்புறம் குப்பைத் தொட்டியையும் நீங்களே காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடந்து இடத்தை அடைக்கும்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் மெயில் அனுப்புகிறார். உடனே பதில் போடலாமா?

பதிலை எழுதுங்கள், அனுப்பும் நேரத்தைக் காலை 9 என்று குறித்துவிட்டுத் தூங்குங்கள். ஒருமுறை 11 மணிக்குப் பதில் போனால் அப்புறம் தினமும் எதிர்பார்ப்பார்.

ஏற்காட்டிலிருந்து: காப்பித் தோட்ட அலுவலகத்தில் இருக்கிறேன். நெட் வரும், போகும். எழுதிய பதில் பாதியில் போய்விடுகிறது.

லேப்டாப்பில் குரோம் வழியாக ஜிமெயில் திறந்து, அமைப்புகளில் ஆஃப்லைனை இயக்குங்கள். 7, 30, 90 நாள் மெயில்களில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கும், 30 போதும். நெட் இல்லாமலே படிக்கலாம், எழுதலாம். அனுப்பு என்று அழுத்தினால் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். நெட் வந்ததும் தானே கிளம்பிவிடும், அதற்காக நீங்கள் மலைப்பாதையின் 20 வளைவும் இறங்கி வர வேண்டாம்.