ஹிரோஷிமாவுக்கான இரங்கல் இசையின் புதிய பதிவைக் கேட்டேன், ஒரே இரைச்சல். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். போரைப் பற்றிய இந்த மாதிரி இசையை எப்படித்தான் கேட்பது?

மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் முதல்முறை ஒன்றரை நிமிடம்கூடத் தாண்டவில்லை. கைபேசி ஸ்பீக்கரில்தான் கேட்டிருப்பீர்கள். 52 நரம்பிசைக் கருவிகள் அந்தச் சின்ன ஓட்டை வழியாக வந்தால், எண்ணெய் விடாத ரப்பர் ஷீட் மிஷின் போலத்தான் கேட்கும்.

போலந்துக்காரரான பெண்டரெட்ஸ்கி 1960-61இல் இதை எழுதியபோது முதலில் வைத்த பெயர் '8 நிமிடம் 37 விநாடி'. ஓடும் நேரமே பெயர். ஹிரோஷிமாவில் இறந்தவர்களின் பெயர் பிறகுதான் ஏறியது. அதனால் விமானம் எங்கே வருகிறது, குண்டு எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொருவரும் தன் கருவியில் எட்டுகிற மிக உயர்ந்த சுரத்தில் தொடங்குகிறார்; அது எந்தச் சுரம் என்று தாளில் இல்லை. பிறகு நரம்புகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்கிற கட்டைக்குப் பின்பக்கம் வில்லை இழுக்கிறார்கள், கருவியின் உடம்பில் தட்டுகிறார்கள். இவ்வளவு தெரிந்துகொண்டு கேட்டால் இரைச்சல் கொஞ்சம் பிரிந்து கேட்கும்.

நான் இசை படித்தவன் அல்ல. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் இருபது வருடம் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடியவன். டோ-ரே-மி என்று எழுதும் சோல்ஃபா பார்த்துப் பாடத் தெரியும், அவ்வளவே. பண்டிதர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் அப்பா பட்டாளத்துக்காரர். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். இதைப் படித்ததும் சிலர் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அவர் அங்கே என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நியாயம் பேச நான் வரவில்லை. அந்த ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி: ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டபோது கிழவி ஒருத்தி பேசிய தமிழ் நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்ததாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். ஓய்வு பெற்ற பிறகு நாலு மணிக்கே ரப்பர் வெட்டப் போகிறவருக்குத் தோட்டம் ஒரு சாக்கு.

ஒருநாள் பிற்பகல் இந்த இசையைப் பெரிய ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அவர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்று சொல்லி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றே கேட்டார். "இது என்னது மக்களே?" என்றார். சொன்னேன்.

"குண்டுச் சத்தம் பழகிவிடும். ராத்திரி நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், திடீரென்று எல்லா நாயும் ஒன்றாக நிறுத்தும். அதைப் போட முடியுமா இவனால்?" என்றார் அப்பா.

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு திரும்பக் கேட்டபோதுதான், அந்த எட்டரை நிமிடத்துக்குள் ஒலி ஒரேயடியாக மெலிந்து நூலாகிற இடங்கள் இருப்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் அவற்றை ஓய்வு என்று நினைத்துக் கடந்துவிடுவேன். நீங்கள் அங்கே காதை வையுங்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் பெஞ்சமின் பிரிட்டன் என்கிற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'வார் ரெக்வியம்' கேளுங்கள். 1940இல் குண்டு விழுந்து எரிந்த இங்கிலாந்தின் கவன்ட்ரி தேவாலயத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியதைப் பிரதிஷ்டை செய்தபோது, 1962இல் முதலில் பாடினார்கள். இறந்தவர்களுக்கான லத்தீன் ஜெபத்துக்கு நடுவே, முதல் உலகப்போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சுடப்பட்டு இறந்த வில்ஃப்ரெட் ஓவனின் கவிதைகள் வரும். மணியும் பாடகர் குழுவும் ஒட்டவே ஒட்டாத இரண்டு சுரங்களில் நிற்கும்: நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சட்ஜமும் பிரதி மத்தியமமும். அந்த இடைவெளியைச் சுருதி தவறாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

தெரியும் என்று சொல்வதற்கே இப்போது ஆள் இல்லை. எங்கள் சபையில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவது போய் நாலு வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே பென் டிரைவில் டிராக் போட்டு, அதன்மேல் எல்லோரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். "பேஸ் யாருக்கும் கேட்பதில்லையே, எதற்கு?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்காததுதான் பேஸின் வேலை என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

வெள்ளைக்காரன் இசைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சொல்லப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மாண்ட வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப்பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் வில்லுப்பாட்டு உண்டு. செத்தவனைப் பாடுவது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. என் அம்மா வீட்டார் கோயில் கொடை விழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள்தான். வில்லடிக்கும் குடத்துக்கும் பழகிய காது பெண்டரெட்ஸ்கியின் தட்டலுக்கு அவ்வளவு சீக்கிரம் மிரளாது.

கடைசியாக, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள். எங்கள் வீட்டு வழியாக இரவெல்லாம் கேரளத்துக்கு ஜல்லி லாரி போகிறது. அந்த மெலிந்த இடங்கள் வரும்போதெல்லாம் சரியாக ஒருவன் கியர் மாற்றுகிறான்.