பழைய காருக்கு எந்த ஸ்டீயரிங் காலம் (column, வீலைத் தாங்கும் தண்டும் அதைச் சுற்றிய குழாயும்) பொருந்தும்?

கேள்வி: 1964-ஆம் ஆண்டில் தயாரான அமெரிக்க செடான் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். ஸ்டீயரிங் வீலிலிருந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் பற்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸ் வரை ஒரே தண்டுதான் செல்கிறது. மேல் பேரிங் தேய்ந்து வீல் ஆடுகிறது. வீலுக்குக் கீழே இருந்த கியர் கோலை நீக்கி, தரையில் கியர் வைத்துவிட்டேன். பழையதைச் சரிசெய்வதா, பிற்காலத்துக் கார் ஒன்றின் ஸ்டீயரிங் காலத்தைப் பொருத்துவதா, மேலும் கீழும் சாய்க்கும் வசதியுள்ள பொதுவகை ஒன்றை வாங்குவதா?

பதில்: பேரிங் தேய்ந்தது மட்டுமே குறையென்றால் மாற்ற வேண்டியதில்லை, பேரிங், இன்டிகேட்டர் சுவிட்ச் போன்றவற்றைத் தனித்தனியாகவே புதுப்பித்துவிடலாம். ஆனால் உங்கள் காரில் உள்ள ஒற்றைத் தண்டு வேறு காரணத்திற்காகவே மாற்றத்தக்கது. முன்பக்கம் மோதும்போது ஸ்டீயரிங் பாக்ஸ் பின்னோக்கித் தள்ளப்பட்டால், இடையில் மடங்கவோ சுருங்கவோ இடமில்லாத அந்தத் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில், மோதலில் சுருங்கி விசையை உள்வாங்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்கக் கூட்டரசு விதியும் நடப்புக்கு வந்தது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும்போது, ஸ்டீயரிங் தண்டின் மேல்முனை 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னோக்கி நகரக் கூடாது என்கிறது அது. எனவே சுருங்கும் வகையையே தேடுங்கள். சாய்வு வசதி, குரோம் பளபளப்பு ஆகியவை அதற்குப் பிறகுதான்.

அத்தகைய ஒன்றை வாங்கிவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல மாடல்களில் டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள பிராக்கெட், ஓட்டுநர் வீலின் மீது மோதும்போது முன்னோக்கி விடுபட்டு நகருமாறும், பின்னோக்கி நகராதவாறும் அமைக்கப்பட்டிருக்கும். அந்த பிராக்கெட்டை விட்டுவிட்டு, பட்டறையில் வெட்டிய தடித்த இரும்புப் பட்டையால் குழாயை இறுக்கிப் பிடித்தால், சுருங்க வேண்டிய குழாய் சுருங்காது. ஆகவே பழைய கார் ஒன்றிலிருந்து எடுக்கும்போது அதன் பிராக்கெட்டையும் சேர்த்தே கேளுங்கள். அந்தக் கார் விபத்தில் சிக்கியதாக இருந்தால், ஸ்டீயரிங் காலம் ஏற்கெனவே சிறிது சுருங்கியிருக்கலாம். அதே மாடலின் சரியான நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அளவெடுப்பதை இருக்கையிலிருந்து தொடங்க வேண்டும். இருக்கையைப் பொருத்தி, நீங்களே அமர்ந்து, ஒரு குழாயையோ மரக்கம்பையோ தற்காலிகமாகக் கட்டி, வீல் உங்கள் கைக்கு இசைவாக வரும் இடத்தை முடிவுசெய்யுங்கள். அங்கிருந்து பிராக்கெட் வரையிலும், பிராக்கெட்டிலிருந்து இன்ஜின் தடுப்புத் தகடு வரையிலும், அதிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸ் தண்டு வரையிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டு முனையின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, ஸ்ப்ளைன் பற்களையும் (தண்டு முனையைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ண வேண்டும். முக்கால் அங்குலத்தில் 36 பல், ஓர் அங்குலத்தில் 48 பல், இருபுறம் தட்டையாகச் சீவிய தண்டு என்று பல வகைகள் புழங்குகின்றன. ஏறக்குறைய பொருந்துகிறது என்று ஒரு ஜாயின்ட்டைத் தட்டி ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

புதிய அமைப்பில் கீழ்த்தண்டு தனியாக வருவதால் யூனிவர்சல் ஜாயின்ட்டுகள் (இரு தண்டுகளைக் கோணத்தில் இணைத்துச் சேர்ந்து சுழலவிடும் மூட்டுகள்) தேவைப்படும். ஒரே ஜாயின்ட்டை 30 பாகை வளைத்தால், மேல்தண்டு சீராகச் சுழன்றாலும் கீழ்த்தண்டின் வேகம் ஒரு சுற்றுக்குள் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை ஏறியிறங்கும். வளைவில் திருப்பும்போது கை அதை உணரும். இரண்டு ஜாயின்ட்டுகளைச் சம கோணத்தில் வைத்து, இடைத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்டின் கவைகளை (yoke) ஒரே தளத்தில் நிறுத்தினால் இந்த ஏற்றத்தாழ்வு நீங்கிவிடும். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிச் செல்வதற்காக மூன்றாவது ஜாயின்ட் தேவைப்பட்டால், இடையில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். அது இல்லையெனில் தண்டு ஓரிடத்தில் நிற்காது.

மின்கம்பிகளையும் முன்கூட்டியே பாருங்கள். பல அமெரிக்கக் கார்களில் பின்புறப் பிரேக் விளக்கும் இன்டிகேட்டரும் ஒரே பல்பு என்பதால், பிரேக் மின்சாரம் இன்டிகேட்டர் சுவிட்ச் வழியாகவே செல்லும். இரண்டும் தனித்தனியாக உள்ள காரின் சுவிட்ச் அங்கே நேரடியாக வேலை செய்யாது. சாவித்துளை ஸ்டீயரிங் காலத்திலேயே உள்ள வகைகளில் சிலவற்றில், சாவியின் பூட்டு கியர் கோலோடு இணைந்திருக்கும். தரை கியர் வைத்துள்ள உங்களுக்கு அது வீண் தொல்லை.

என் தேர்வு, அதே நிறுவனத்தின் பிற்கால மாடலில், தரை கியர் உள்ள காரிலிருந்து எடுத்த சுருங்கும் வகை. அது கிடைக்காதபோது பொதுவகையை வாங்கலாம். ஆனால் மோதலில் அது எங்கே, எவ்வளவு சுருங்கும் என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

கேள்வி: அத்தகைய ஸ்டீயரிங் காலத்திலிருந்து வீலைக் கழற்ற, தண்டின் முனையில் சுத்தியலால் தட்டலாமா?

பதில்: கூடாது. தண்டின் இரு பகுதிகளையும் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் ஊசிகள், மோதலில் அறுந்துவிட வேண்டும் என்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டவை. சுத்தியல் அடியிலும் அவை அறுந்துவிடும். வீலை இழுத்துக் கழற்றும் கருவியான வீல் புல்லரைப் பயன்படுத்துங்கள்.