ஏகமனதாக நிறைவேறியது (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

கூட்டுறவு நிறுவனங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஸ்பெயினின் மோந்த்ராகோன், குஜராத்தின் அமுல் இரண்டையும் ஒப்பிட்டு, தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது திட்டம். எங்கள் மாவட்டத்துச் சங்கங்கள் பன்னிரண்டின் தணிக்கை அறிக்கைகளையும் தீர்மானப் புத்தகங்களையும் சேகரித்துவிட்டேன். உடன் படிப்பவர்கள் "செத்துப்போன விஷயம், வேறு தலைப்பு எடு" என்கிறார்கள். இதில் ஆய்வு செய்ய இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ம.

அன்புள்ள ம.,

செத்துப்போன விஷயம் என்பவர்களிடம், அவர்கள் வீட்டில் நகைக்கடனுக்கு எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. மோந்த்ராகோன் 1956-இல் ஒரு பாதிரியாரின் மாணவர்கள் தொடங்கியது, அதன் ஃபாகோர் நிறுவனம் 2013-இல் திவாலானது, எல்லாம் சுவையான கதைதான். உதவித்தொகை கிடைத்தால் போய்வாருங்கள்.

உங்களுக்கு உடனே பதில் எழுதக் காரணம் வேறு. சில வாரங்களாக நிக்கல்சனை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிராமக் கடன் பற்றி ஆராய 1892-இல் சென்னை மாகாண அரசு நியமித்த அதிகாரி அவர். (நம் மீன்வளத் துறைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்.) ஐரோப்பியக் கடன் சங்கங்களையும் நம்மூரில் 'நிதி' என்ற பெயரில் நடந்த சேமிப்புச் சங்கங்களையும் அலசி 1895-இலும் 1897-இலும் பெரிய அறிக்கைகள் எழுதினார். அத்தனை பக்கங்களின் சாரமாக அவர் சொன்னது, ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். ரைஃபைசன் ஜெர்மானியக் கிராமங்களில் கடன் சங்கங்களைக் கட்டியவர், 1888-இலேயே இறந்துவிட்டார். அப்படிப்பட்ட ஆட்களை இங்கே தேடச் சொன்னார் நிக்கல்சன். ஒரு கிராமத்துக்கு ஒரு சங்கம், ஒருவர் கட்டாத கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, இதுதான் ரைஃபைசன் வழி. அடுத்த வீட்டுக்காரன் கடன் வாங்கி மாடு வாங்கினானா, மைனர் செயின் வாங்கினானா என்று ஊரே பார்க்கும். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கமும் வந்தன. ஆனால் ரைஃபைசனைத் தேடப்போன இடத்தில் நமக்குக் கிடைத்தவர், சங்கங்களை மேய்க்கும் அரசு அதிகாரியான பதிவாளர்.

அரை நூற்றாண்டு கழித்து, கிராமக் கடன் பற்றி ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த கோர்வாலா குழு 600 கிராமங்களில் கேட்டு 1954-இல் அறிக்கை தந்தது. விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம்தான். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது வென்றே ஆகவேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து, அரசும் பங்கு போட்டுக் கூட்டாளி ஆவது! அருமையான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் பங்கு போட்டவர் சும்மா இருப்பாரா? தமிழ்நாட்டில் 1976-இல் நிர்வாகக் குழுக்களைக் கலைத்தார்கள். மறுபடி தேர்தல் வந்தது 1996-இல். இருபது வருடம், அரசு நியமித்த தனி அலுவலர் ராஜ்யம். ஓட்டே போடாமல் ஒரு தலைமுறை உறுப்பினர்கள் கிழவர்களானார்கள்.

இப்போது நீங்கள் சேகரித்த தீர்மானப் புத்தகங்களுக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபமே அதில்தான். எங்கள் பெரியம்மா பால் சொசைட்டி உறுப்பினர். பேரவைக் கூட்டத்துக்கு ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். கையெழுத்துப் போட்டால் காரசேவு, காபி, ஒரு எவர்சில்வர் கிண்ணம். செயலாளர் வரவு செலவை மந்திரம் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா எழுந்து, "எம் மாட்டுப் பாலுக்கு மட்டும் எப்பவும் கொழுப்பு கம்மியா வருதே, அந்த மெசினை ஒருநாள் எல்லாரும் பாக்குற மாதிரி வையுங்க" என்றார். அப்புறம் ஆபீசில் வந்து கேளுங்கம்மா என்றார்கள். பெரியம்மா உட்காரவில்லை. பின்வரிசையில் இன்னும் நாலு பெண்கள் எழுந்தார்கள். அரைமணி நேரம் ஒரே சத்தம். கடைசியில் மெசினைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைய புத்தகத்தைப் பிறகு பார்த்தேன். "அறிக்கை வாசிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேறியது." அவ்வளவுதான் இருந்தது. அந்தச் சொசைட்டியில் ரைஃபைசன் வந்துபோன அரைமணி நேரம் அதில் இல்லை.

நீங்கள் அந்த வரியை எடுத்து அட்டவணையில் போட்டு, 'உறுப்பினர் பங்கேற்பு: சுமுகம்' என்று எழுதப்போகிறீர்கள். வேண்டாம் தாயே. இந்தப் புத்தகங்களை எழுதுவது செயலாளர், படிப்பது தணிக்கையாளர். இரண்டு பேருக்கும் சண்டை நடந்தது தெரியக்கூடாது. உறுப்பினர் பேசினாரா, எதற்குப் பேசினார், ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதெல்லாம் அங்கே இருக்காது. தன் பெயரில் பங்குத்தொகை இருப்பதே தெரியாமல் உரக்கடைக்குப் போவதுபோல் சங்கத்துக்குப் போய்வரும் ஆள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்களா? உங்கள் மின்னஞ்சலில் இணைத்திருந்த ஆய்வுச் சுருக்கத்தில் நிர்வாகம், மூலதனம், திறன் எல்லாம் வருகிறது. ஒரு உறுப்பினர்கூட வரவில்லை.

உங்களுக்கு உழைப்பு இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இத்தனை திட்டு. பன்னிரண்டு சங்கம் வேண்டாம், ஒரு சங்கம் போதும். ஒரு வருடம் போய்வாருங்கள். செயலாளர் காபி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதை அவர் அறையில் உட்கார்ந்து குடிக்காமல், வெளியே பால் ஊற்ற நிற்பவர்களோடு நின்று குடியுங்கள்.