சிரோசிஸ் உள்ள அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறும் நோய்), வயிற்றில் நீர் கட்டுகிறது, போன தடவை டாக்டர் எழுதிய மாத்திரையையே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தால் காய்ச்சல் விட்டுவிடுகிறது என்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. காரைக்குடியில் இதே நோயோடு இருந்த என் அம்மானை (தாய்மாமாவை) கூட இருந்து பார்த்துக்கொண்டவன். மதுரையில் டாக்டர்கள் சொன்னதும், அப்புறம் நானாகப் படித்ததும்தான் இது.

காய்ச்சல் வந்தால்தான் தொற்று என்று நினைக்காதீர்கள். அம்மானுக்குக் காய்ச்சலே வரவில்லை. மொய்க் கணக்கை மனசிலேயே கூட்டிச் சொல்கிற மனிதர், ஒரு சாந்திக் கல்யாண வீட்டில் மொய் நோட்டில் ஒரே பெயரை இரண்டு தரம் எழுதினார். வயசாகிவிட்டது என்று சிரித்தார்கள். மதுரைக்குக் கூட்டிப்போய் வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் அதில் தொற்று. புத்தி தடுமாறியதற்குக் காரணம் அதுதான். ரத்தப் பரிசோதனையையும் முழுசாக நம்ப முடியாது. சிரோசிஸில் பலருக்கு மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். தொற்று வந்து இரண்டு மடங்கானாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரலாம்.

கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலிலேயே இருக்கும் ஈகோலை, கிளெப்சியெல்லா போன்றவை குடல் சுவரைத் தாண்டிவிடுகின்றன. அவற்றை வடிகட்ட வேண்டிய ஈரல் தழும்பேறிக் கிடக்கிறது, ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வயிற்றில் தேங்கிய நீரிலும் எதிர்ப்புச் சக்தி குறைவு.

அதனால் நீர் கட்டியவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, குழப்பம், சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும், முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போகும் முன்பே அந்த நீரைப் பரிசோதிக்க வேண்டும். கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு 250 இருந்தாலே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்; கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுக்குக் காத்திருப்பதில்லை. வீட்டில் இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்பதை டாக்டர் ஊகிக்கத்தான் வேண்டும். ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமின் என்கிற புரதத்தையும் ஏற்றுவார்கள்: முதல் நாள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். விலையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கிட்னியைக் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்தது, மருந்துக்கு அடங்காத கிருமிகள். அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்தவர், அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர், இவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். சிரோசிஸ்காரர் இந்த இரண்டிலும் வந்துவிடுகிறார். வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் கேட்காமல், அதைவிட வலுவான மெரோபெனம் வரை போக வேண்டியிருக்கலாம். நம் நாட்டில் அதற்கும் அடங்காத கிருமிகள் இருக்கின்றன. அதனால்தான் சில இடங்களில் 48 மணி நேரம் கழித்து நீரை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். நியூட்ரோஃபில் கால்வாசியாவது குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவார்கள். 2014 முதல் பல ஆன்டிபயாடிக்குகள் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எங்கள் தெரு மெடிக்கலில் பெயர் சொன்னாலே எடுத்துக் கொடுத்தார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு தரம் இந்த வயிற்று நீர்த் தொற்று வந்தவருக்கு, மறுபடி வராமலிருக்க டாக்டரே தினமும் நார்ஃப்ளாக்சாசின் எழுதியிருக்கலாம். புத்தித் தடுமாற்றத்துக்கு ரிஃபாக்சிமின் எழுதியிருக்கலாம். இவற்றை நான் சொன்னேன் என்று நிறுத்திவிடாதீர்கள். கேட்க வேண்டியது கேஸ் மாத்திரையைப் பற்றி. பான்டோபிரசோல் மாதிரி மாத்திரைகள் இந்தத் தொற்றைக் கூட்டலாம் என்கிறார்கள். இன்னும் தேவையா என்று அடுத்த தடவை கேளுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை, ஊசி பக்கமே போக வேண்டாம்.

ஃபைலின் முதல் பக்கத்தில் இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக்குகளின் பெயர், தேதி, எத்தனை நாள் என்று எழுதி, பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் அதோடு வையுங்கள். ராத்திரியில் போய் நிற்கும்போது டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.